மூலத்தறை சொந்தங்கள் குழு

பெரியப்பா: ஞாயிறு காலை நம் சித்தூர்ப்புழையில், மூலத்தறை ரெகுலேட்டர் (தடுப்பணை) பக்கம் ஆகாயத்தாமரை வாரப் போகிறோம். யார் யார் வருகிறீர்கள்?

கொழிஞ்சாம்பாறை அத்தை: வருகிறேன் அண்ணா. ஆனால் போன வருஷமும் டிராக்டர் டிராக்டராக வாரிக் கரையில் போட்டோம். அடுத்த தண்ணி திறந்ததும் மேலேயிருந்து புதுசு வந்து இறங்கிவிட்டது.

ஆனைமலை மாமா: பழி எங்கள் ஊருக்கா அம்மணி? சரி, மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் தெருச் சாக்கடை, உங்கள் பக்கம் இறங்கி வருகிற ஆழியாற்றில்தான் விழுகிறது. அந்தச் செடிக்கு அதுதான் உரம்.

நான்: தமிழ்நாடும் கேரளாவும் போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையில் இருக்கிற மணக்கடவில் நமக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். சண்டையெல்லாம் அந்த அளவுக்குத்தான். கூடவே வருகிற அழுக்கை யாரும் கேட்பதில்லை.

தம்பி: அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்று ஒரு ஊர். 1914ல் ஒரு வங்கிக்காரர் அங்கே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். ஊர்க்காரர்கள் நன்கொடையெல்லாம் ஒரே நிதி, செலவை முடிவு செய்வது ஊர்க்குழு. அந்த ஊர் ஆறு 1969ல் எண்ணெய்க் கழிவால் தீப்பிடித்து எரிந்தது! இப்போது இப்படிப்பட்ட அறக்கட்டளைகள் பல ஊர்களில் உண்டு. ஆறு, ஏரி என்றால் ஒன்றாகச் சேர்ந்து பணம் போடுகிறார்கள்.

பெரியப்பா: ஆறு எரிந்ததா? நம் ஆற்றில் கோடையில் தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணி இருக்காது.

கொழிஞ்சாம்பாறை அத்தை: சிரிப்பு இருக்கட்டும். குடும்பஸ்ரீ மகளிர் குழு, கோயில் கமிட்டி, பள்ளிவாசல் கமிட்டி எல்லாரும் ஆற்றுக்கென்று கொஞ்சம் செலவழிக்கிறார்கள். அவரவர் படித்துறை மட்டும் சுத்தமாகிறது. மொத்தமாகப் போட்டு, மேலே சாக்கடை விழுகிற இடத்தில் ஒரு வடிகட்டும் தொட்டி கட்டினால் என்ன?

பெரியப்பா: கேரளாக் காசைத் தமிழ்நாட்டில் கொண்டுபோய்க் கொட்டுவதா? கமிட்டிக்காரர்கள் என்னை ஆற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.

ஆனைமலை மாமா: பாதி நாங்கள் போடுகிறோம் மச்சான். தோப்புக்காரர்களிடம் பேசுகிறேன், பேரூராட்சி அனுமதியும் என் வேலை. கணக்கு மட்டும் அம்மணியிடம் இருக்கட்டும். உங்கள் திருவிழா ரசீது புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன்!

நான்: இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இரண்டு கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்.

தம்பி: ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கிற பறளி, ஒற்றப்பாலம் ஆட்களையும் கூப்பிடலாமா? பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகப் பொன்னானி வரை போகிற தண்ணிதானே.

பெரியப்பா: முதலில் மூலத்தறை ஆகட்டும்டா. மண்வெட்டி வேண்டாம், நீளக் கொக்கி கொண்டுவாருங்கள்.

ஆனைமலை மாமா: இரண்டு ஆளோடு வருகிறேன். சாக்கடை விழுகிற இடத்தைப் போட்டோ எடுத்து வருகிறேன், உங்கள் கமிட்டி பார்க்கட்டும்.