ஊருணித் தாழியும் லூசியோட முட்டியும்

கோட்டையூரான்:
எங்க பக்கம் ஊருணி தூர்வாரினப்போ ஒரு தாழி உடைஞ்சு, உள்ள இருந்து தொடை எலும்புத் துண்டு வந்துச்சு. ‘லூசிக்கும் மூத்தது, 40 லட்சம் வருஷம்’னு டீக்கடையில அடிச்சு விடுறாங்க. அது கிடக்கட்டும். ஆதி மனுஷ இனத்து எலும்புக்கூடுன்னு சொல்ற அந்த லூசியே அரைகுறைதானே? ரெண்டு கால்ல நடந்தான்னு எதை வச்சுச் சொல்றாங்க?

தேவகோட்டை பிசியோ:
முட்டியை வச்சுத்தான் அண்ணே. தினமும் நான் பாக்குறது அதைத்தான். நம்ம தொடை எலும்பு இடுப்புல இருந்து நேரா இறங்காது, உள்பக்கமாச் சாஞ்சு வந்து முட்டியில சேரும். அதனாலதான் ஒத்தக் கால்ல நின்னாலும் பாரம் பாதத்து மேலயே விழுது. சிம்பன்சிக்கு அந்தச் சாய்வு கிடையாது. எழுந்து நடந்தா ரெண்டு பக்கமும் ஆடும். எத்தியோப்பியாவுல ஹடார்ங்கிற இடத்துல, 1973-ல ஜோஹான்சன்ங்கிற ஆய்வாளர் முதல்ல எடுத்தது ஒரு முட்டி மூட்டைத்தான். சாய்வு நம்மளது மாதிரியே இருந்துச்சு. மறுவருஷம் அதே பக்கத்துல லூசி, 32 லட்சம் வருஷம். இடுப்பெலும்பும் குட்டையா, அகலமா நம்ம பக்கம்தான். மூளை மட்டும் சிம்பன்சி அளவுக்குத்தான். ‘மூளை பெருசான பிறகுதான் எழுந்து நின்னான்’னு ரொம்ப நாள் நம்பினவங்க வாயடைச்சுப் போனாங்க!

ஆத்தங்குடி:
லேட்டோலிங்கிற இடத்துக் காலடித் தடத்தை விட்டுட்டீங்களே. தான்சானியாவுல எரிமலைச் சாம்பல் மழையில நனைஞ்சிருந்தப்போ அந்தக் கால ஆதி மனுஷங்க நடந்து போயிருக்காங்க. எங்க பட்டறையில ஈர சிமெண்டை மிதிச்ச மாதிரி தடம் அப்படியே இறுகிப் போச்சு. 1978-ல மேரி லீக்கிங்கிற ஆய்வாளரோட குழு எடுத்தது, வயசு சுமார் 36 லட்சம். கட்டை விரல் கிளை பிடிக்கிற மாதிரி விலகி நிக்கல, மத்த விரலோட ஒட்டியே இருக்கு.

கோட்டையூரான்:
நன்றி ஆச்சி. அப்போ நம்ம ஊருணி எலும்பு? இந்தப் பக்கம் லட்சக்கணக்கான வருஷத்து எலும்பு கிடைக்கவே கிடைக்காதா?

செம்புறாங்கல்:
தாழின்னாலே கணக்கு முடிஞ்சுது தம்பி. உலகத்துலயே பழைய மண்பாண்டத்துக்கு வயசு சுமார் 20,000 வருஷம்தான். உங்களது இரும்புக் காலத்துத் தாழியா இருக்கும், உள்ள இருந்தவர் நம்மள மாதிரி மனுஷன். சென்னைக்குப் பக்கத்துல அதிரம்பாக்கத்துல 15 லட்சம் வருஷத்துக் கல் கருவி இருக்கு, ஆனா அதைச் செஞ்சவனோட எலும்பு ஒண்ணுகூடக் கிடைக்கல. கல் நிக்கும், எலும்பை மண் தின்னுடும். நர்மதைக் கரையில ஹத்னோராவுல 1982-ல சொனாகியாங்கிற புவியியல் ஆய்வாளர் எடுத்த ஆதி மனுஷ மண்டையோட்டுத் துண்டு மாதிரி அபூர்வமாத்தான் தப்பும். அந்தத் தொடை எலும்பைக் கழுவாதீங்க, ஒட்டியிருக்கிற மண்ணும் சாட்சிதான். தாலுகா ஆபீஸ்ல சொல்லிடுங்க.