"முட்டை நண்டு வாங்காதீர்கள்": ஹட்டன் சந்தையில் போஸ்டர் ஒட்டலாமா?

ஹட்டன்_உயிரியல்
நம்ம டவுன் மீன்கடைகளில் வயிற்றடியில் முட்டையோடு நீலக்கால் நண்டு விற்கிறார்கள். உயர்தரப் பிள்ளைகள் சேர்ந்து "முட்டை நண்டு வாங்காதீர்கள்" என்று போஸ்டர் அடிக்கப் போகிறார்கள். ஒரு பெண் நண்டு ஒரு தடவையில் பல இலட்சம் முட்டை சுமக்கும், பெரியது பத்து இலட்சத்தையும் தாண்டும். அதைச் சட்டியில் போடுவது விதைநெல்லைக் குத்தித் தின்பதுதான். போஸ்டரில் வேறு என்ன சேர்க்கலாம்?

மீன்வளம்_பதுளை
ஒட்ட வேண்டாம் என்பது என் கருத்து. நோக்கம் நல்லது, செய்திதான் பிழை.

பெண் நண்டின் வாழ்க்கையைப் பின்னாலிருந்து பாருங்கள். முட்டை வெளியே தெரிவது ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள். 25 பாகை வெப்பத்தில் எட்டு நாளளவில் பொரித்துவிடும், 20 பாகையென்றால் பதினெட்டு நாள் வரை இழுக்கும். அதற்கு முன்பு சினைப்பை ஓட்டுக்குள்ளே முதிர்கிறது. அதற்கும் முன்பு, பெண் ஓடு கழற்றுவதற்குச் சில நாள் முன்பிருந்தே ஆண் நண்டு அதை அடியில் அணைத்துத் தூக்கித் திரிந்து, ஓடு கழற்றி உடம்பு மென்மையாக இருக்கும்போது சேர்கிறது. அந்த விந்து பெண்ணின் உடலில் உள்ள பைகளில் சேமிப்பாக இருக்கும். அதை வைத்தே மறுபடி சேராமல் இரண்டு மூன்று தொகுதி முட்டை இட முடியும்.

ஆகவே முட்டையில்லாத பெண் நண்டு ஒன்றைப் பிடித்தாலும் அதன் வரப்போகும் தொகுதிகள் அத்தனையும் போகின்றன. போஸ்டரைப் படித்தவர் முட்டை நண்டைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் "சுத்தமான" பெண் நண்டை எடுப்பார். கடலுக்கு இதில் என்ன மிச்சம்?

மன்னார்க்_கரை
கணக்கு சரி தம்பி, ஆனால் முடிவு சரியில்லை. முட்டை இடாத நண்டு சினை முதிரும் முன்பே மீனுக்கு இரையாகலாம், ஓடு கழற்றும்போது சாகலாம். முட்டை சுமப்பது அந்தக் கண்டங்களையெல்லாம் தாண்டி வந்தது. அதிலும் முட்டை கறுத்த நண்டு ஓரிரு நாளில் பொரித்துவிடும். எல்லாச் செலவும் முடிந்து வரவு வரும் நேரத்தில் அதைக் கொல்லலாமா?

நிறத்தைப் பார்த்தே நாள் சொல்லலாம். புதிதாக இட்டது மஞ்சள் அல்லது செம்மஞ்சள். உள்ளே மஞ்சட்கரு குறையக் குறைய மண்ணிறம். உள்ளே இருக்கும் குடம்பிக்கு, அதாவது நண்டின் இளம் உருவத்துக்கு, கண் விழுந்ததும் கரும்சாம்பல், பிறகு கறுப்பு. பெண் நண்டு மணலில் வயிற்றை அழுத்தித்தான் முட்டையை வயிற்றடியில் உள்ள சிறு கிளைக்கால்களில் ஒட்டவைக்கிறது. மணல் இல்லாத தொட்டியில் முட்டை உதிர்ந்துபோகும்.

கொட்டகலை_மீன்கடை
கடைக்காரர் பக்கத்தையும் கேளுங்கள் சேர். "சினை நண்டு குடுங்க" என்று கேட்டு வாங்குகிறவர்கள் வெளி முட்டையைக் கேட்பதில்லை, ஓட்டைத் திறந்தால் தெரியும் செம்மஞ்சள் கட்டியைத்தான் கேட்கிறார்கள். வெளி முட்டையை வீட்டில் பிய்த்துக் குப்பையில் போடுகிறார்கள், மணல் ஒட்டியிருக்கும் என்று. பதுளைக்காரர் சொல்வது சரியென்றால் அந்த உள்கட்டியும் நாளைய முட்டைதானே?

நிறத்தை நம்பியும் ஏமாறாதீர்கள். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் உருகிய தண்ணீரில் ஊறி வந்த முட்டை, பழுதாகியும் கறுக்கும். முட்டைக் கொத்தை விரலால் தொட்டால் மணிமணியாக நின்றால் நல்லது, கூழாகிக் கையில் வழிந்தால் பழுது. கைவில்லை வைத்துப் பார்த்தால் உண்மையில் முதிர்ந்த முட்டையில் இரண்டு கறுப்புக் கண்புள்ளி தெரியும்.

மீன்வளம்_பதுளை
உள்கட்டி சினைப்பைதான், நாளைய முட்டையேதான். அதைத் தேடித் தேடி வாங்குகிறவர் கையில் வெளி முட்டைக்கு எதிரான போஸ்டரைக் கொடுப்பதைத்தான் பிழை என்கிறேன்.

மன்னார் அண்ணனுக்கு ஒரு உதாரணம். மேற்கு அவுஸ்திரேலியாவின் கொக்பேர்ன் சவுண்ட் குடாவில் முட்டை நண்டு பிடிக்கத் தடை இருந்தது. குறைந்தபட்ச அளவும் இருந்தது, அதுவும் முதிர்ச்சியடையும் அளவுக்கு மேலே. இருந்தும் கூட்டம் சரிந்து 2006 கடைசியில் மீன்பிடியை மூடினார்கள். 2009இல் திறந்து 2014இல் மறுபடி மூடவேண்டி வந்தது. குளிரான ஆண்டுகளில் குஞ்சு வரவு குறைந்திருந்தது. அதே நேரம் பொறிக்கூடு வைத்துப் பிடிப்பவர்கள், சேர்ந்துவிட்டு இன்னும் முட்டை இடாத பெண்களைக் குளிர்காலத்தில் அள்ளினார்கள். சட்டம் காத்தது முட்டை வெளியே தெரியும் நண்டை மட்டும்.

அமெரிக்காவின் செசபீக் குடாவிலும் அதே பாடம், மறுபக்கத்திலிருந்து. அங்கே இருப்பது வேறு இனம், ஆனால் அதே நீந்தும் நண்டுக் குடும்பம். 2008இல் பெண் நண்டுப் பிடிப்பை 34 வீதம் குறைக்க முடிவெடுத்தார்கள். சேற்றில் புதைந்து கிடக்கும் பெண்களைக் குளிர்காலத்தில் வாரி எடுப்பதை வெர்ஜீனியா நிறுத்தியது. இரண்டே ஆண்டில் எண்ணிக்கை இரட்டிப்புக்கும் மேல் போனது. காப்பாற்ற வேண்டியது பெண் நண்டை, முட்டையை அல்ல.

மன்னார்க்_கரை
பெண் நண்டையே பிடிக்கக்கூடாது என்றால் குயின்ஸ்லாந்தில் அப்படித்தான் சட்டம். ஆனால் அங்கே கூடு. கூட்டுக்குள் வந்த நண்டை உயிரோடு எடுத்து, திருப்பிப் பார்த்து, விடலாம். நம்ம பக்கம் பெரும்பாலும் அடியில் விரிக்கும் வலை. நண்டு கால், கொடுக்கு, முள் எல்லாவற்றிலும் நூலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். அவசரமாகக் கழற்றினால் கால் போகும், முட்டைக் கொத்தும் கிழியும். கிழிந்ததைக் கடலில் விட்டாலும் பாதி முட்டைதான் மிஞ்சும். அதனால் வலையில் பெரிய கண்ணும் குறைந்த நேரமும்தான் முதல் வேலை. வலை ஊறும் நேரம் கூடக் கூட, செத்த நண்டும் கூடும்.

ஆணை மட்டும் அள்ளுவதிலும் வினை இருக்கிறது. பெரிய ஆண்கள் போய்விட்டால் சிறிய ஆணிடமிருந்து பெண்ணுக்குக் கிடைக்கும் விந்து குறையலாம். சேமிப்பே குறைவென்றால் மூன்றாவது தொகுதி முட்டைக்குப் போதாது.

ஹட்டன்_உயிரியல்
அப்படியென்றால் தாய்லாந்தில் செய்வதுபோல "நண்டு வங்கி" எப்படி? முட்டை நண்டைத் தொட்டியில் வைத்து, பொரித்த பிறகு குடம்பியைக் கடலில் விட்டுவிட்டுத் தாயை விற்பது.

மீன்வளம்_பதுளை
மக்களைச் சேர்க்க நல்ல வேலை, எண்ணிக்கையைக் கூட்டுமா என்பது வேறு. குடம்பிக்கு முதலில் சோயியா என்ற நீந்தும் நிலை நான்கு, பிறகு மெகலோபா என்ற கடைசிக் குடம்பி நிலை, அதன் பிறகே குட்டி நண்டு. வெப்பமான நீரில் இதற்கே இரண்டு மூன்று வாரம். அந்த நேரத்தில் நீரோட்டமும் பசியும் இரைகொல்லியும் சேர்ந்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் தின்றுவிடும். தாயை விற்றுவிட்டால் அதன் அடுத்த தொகுதியும் இல்லை. தொட்டியில் நீர் மாற்றாமல், காற்று ஊதாமல் வைத்தால் முட்டையில் பூஞ்சணம் பிடித்து முழுத் தொகுதியும் விழும்.

மன்னார்க்_கரை
இங்கே நான் உடன்படவில்லை. எப்படியும் சாகப்போகிற நண்டின் முட்டை, ஐஸ் பெட்டியில் அழுகுவதைவிடக் கடலில் பொரிப்பது மேல். ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலும் ஆயிரத்தில் ஒன்றுதானே மிச்சம்? நண்டு வங்கி வலைக்கட்டுப்பாட்டுக்கு மாற்று இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், முழுவதாகத் தள்ளாதீர்கள்.

மீன்வளம்_பதுளை
"மாற்று இல்லை" என்பதோடு நிற்கிறேன்.

நானுஓயா_ஓடை
போஸ்டர் அடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடல் நண்டுக்குப் பொருந்தாத அந்த வாசகம் நம்ம தோட்டத்து ஓடை நண்டுக்கு அப்படியே பொருந்தும்.

இலங்கையில் ஐம்பதளவு நன்னீர் நண்டினங்கள் உண்டு, கிட்டத்தட்ட எல்லாமே இந்தத் தீவில் மட்டும் வாழ்பவை. சில இனங்களின் உலகமே ஓரிரு மலைச்சரிவுதான். இவற்றுக்கு நீந்தும் குடம்பி கிடையாது. முட்டை மில்லிமீட்டர் கணக்கில் பெரியது, தொகையோ மிஞ்சிப் போனால் சில நூறு. முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சியும் முடிந்து குட்டி நண்டாகவே வெளியே வரும், தாய் சில காலம் வயிற்று மடலுக்குள் வைத்துச் சுமக்கும். அந்தத் தாயை எடுத்தால் அந்த ஓடைத் துண்டின் அடுத்த தலைமுறையில் கண்ணுக்குத் தெரிகிற பங்கு போய்விடும். கடலில்போல வேறெங்கிருந்தோ குடம்பி மிதந்து வந்து நிரப்பாது. சளிக்கு ரசம் வைக்க ஓடையில் கல் புரட்டுகிறவர்கள் முட்டையோ குட்டியோ சுமப்பதை விட்டுவிட வேண்டும். மருந்தடிக்கும் தெளிகருவி கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

ஹட்டன்_உயிரியல்
ஓடை நண்டுக்குத் தனிப் போஸ்டர் வைக்கலாம், நன்றி. கடல் நண்டுக்கு பிள்ளைகள் சந்தையில் அளந்து ஆண்-பெண் விகிதம், முட்டை எண்ணிக்கை எடுத்தால் கடலின் நிலை தெரியுமா?

மீன்வளம்_பதுளை
கடலின் நிலை தெரியாது. கரையிலேயே பெரியது ஏற்றுமதிக்கும் மற்றது உள்ளூருக்கும் பிரிகிறது. மலைக்கு லொறி ஏறுவது அதில் மிஞ்சியது. அதை வைத்து "நண்டு சிறுத்துப் போச்சு" என்று எழுதினால் அது சந்தையைப் பற்றிய தகவல், கடலைப் பற்றியது அல்ல. உண்மையான மதிப்பீட்டில் கேட்பது, ஒரு பெண் நண்டு வாழ்நாளில் இடக்கூடிய முட்டையில் மீன்பிடிக்குப் பிறகு எத்தனை வீதம் மிஞ்சுகிறது என்று. 20 வீதத்துக்குக் கீழே போனால் ஆபத்து என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு இறங்குதுறையில் பிரிக்கும் முன்பே அளக்க வேண்டும்.

பயிற்சியாகச் செய்தால் நல்லது. ஓட்டின் அகலத்தை வேர்னியர் இடுக்கியால் அளவிடுங்கள். ஒவ்வொரு பக்கமும் உள்ள ஒன்பது பற்களில் கடைசி நீண்ட முள்ளின் நுனியிலிருந்து நுனிக்கு. சிலர் முள்ளுக்கு முந்திய பள்ளத்திலிருந்து அளப்பார்கள். எது என்று எழுதாவிட்டால் இரண்டு அட்டவணையையும் ஒப்பிட முடியாது. முள் உடைந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு வயிற்று மடல்: ஆணுக்கு ஒடுங்கியது, முதிராத பெண்ணுக்கு முக்கோணம், இழுத்தாலும் திறக்காது. முதிர்ந்த பெண்ணுக்கு அகன்ற அரைவட்டம்.

முட்டை எண்ண, மஞ்சள் நிறத்தில் உள்ளதையே எடுங்கள். முதிர முதிர உதிர்வதால் கறுத்ததில் எண்ணிக்கை குறையும். கொத்தை முழுவதும் பிரித்து, ஒற்றுத்தாளில் நீரை ஒற்றியெடுத்து நிறுங்கள். வெளிப்புறம், நடு, அடி என மூன்று இடத்தில் சிறு துணுக்கு எடுத்து ஒவ்வொன்றையும் நிறுத்து, நுணுக்குக்காட்டியில் எண்ணுங்கள். கிராமுக்கு எத்தனை என்ற சராசரியை மொத்த நிறையால் பெருக்க வேண்டும். ஒரு முட்டை ஏறக்குறைய 0.3 மி.மீ., ஆகவே துணுக்கு சிறியதாக இல்லாவிட்டால் எண்ணி மாளாது. நீரை ஒற்றாமல் நிறுத்தால் துணுக்கும் முழுக்கொத்தும் வேறு வேறு அளவு நீர் பிடித்திருக்கும், விடை பிசகும்.

கொட்டகலை_மீன்கடை
போஸ்டரில் "சின்ன நண்டு வாங்காதீர்கள், முக்கோண மடல் நண்டு வேண்டாம்" என்று படம் போட்டுத் தாருங்கள் சேர். அதைக் கடையில் ஒட்ட எனக்குச் சம்மதம். திருப்பிப் பார்த்தால் எவருக்கும் விளங்கும்.

மன்னார்க்_கரை
அதோடு கறுத்த முட்டை நண்டையும் ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரியை நான் விடமாட்டேன்.