பல அளவுகோல் முடிவெடுத்தல்: பிரெஞ்சு தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. பல அளவுகோல் முடிவெடுத்தல் (விலை, தரம் போன்ற பல அளவுகோல்களையும் ஒருங்கே பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது) ஓர் ஆய்வுத் துறையாக வளர்ந்த கதையை என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக எழுதுகிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

தொடக்கம் சரி. 1772இல் பெஞ்சமின் பிராங்க்ளின், அறிவியலாளர் ஜோசப் ப்ரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், தாளின் நடுவே கோடு போட்டுச் சாதக பாதகங்களை எழுதி, சம எடை உள்ளவற்றை அடித்துவிடச் சொன்னார். அப்புறம் 1950களில் சார்ன்ஸும் கூப்பரும் தந்த இலக்கு நிரலாக்கம் (பல இலக்குகளிலிருந்தும் விலகலை இயன்றவரை குறைக்கும் கணித முறை), 1972இல் தென் கரோலினாவில் இந்தத் துறைக்காக நடந்த மாநாடு.

சிக்கல் எழுபதுகளில்தான். அமெரிக்காவில் கீனியும் ரைஃபாவும் 1976இல் வெளியிட்ட நூல், எல்லா அளவுகோல்களையும் பயன்பாட்டுச் சார்பு (ஒரு தேர்வு எவ்வளவு விரும்பத்தக்கது என்பதை எண்ணாகத் தரும் கணிதச் சார்பு) வழியாக ஒரே எண்ணில் சேர்க்கிறது. பிரான்சில் பெர்னார்ட் ராய் 1968லேயே எலெக்ட்ரே முறையில் வேறு பாதை போட்டிருந்தார். 'அ' என்ற தேர்வு 'ஆ' என்ற தேர்வைவிட மோசமில்லை என்று சொல்ல அளவுகோல்களில் போதிய ஆதரவு இருக்கிறதா, கடுமையான எதிர்ப்பு ஏதும் இருக்கிறதா என்று இரண்டிரண்டாகப் பார்க்கிறது அது. ஒப்பிட முடியாத இரண்டை ஒப்பிட முடியாதவை என்றே விட்டுவிடுகிறது. இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே இந்தப் பகுதியை அரைகுறையாக எழுத மனம் வரவில்லை.

ராயின் 1968 கட்டுரை பிரெஞ்சில் இருக்கிறது, எனக்கு அந்த மொழி தெரியாது. யாராவது என்னோடு உட்கார்ந்து முக்கியமான பத்திகளை மட்டும் படித்து விளக்க முடியுமா? இரண்டு மாலைகள் போதும். 'அ', 'ஆ'வை விஞ்சி நிற்கும் அந்த உறவுக்கு நல்ல தமிழ்ச் சொல் இருந்தாலும் சொல்லுங்கள். இப்போதைக்கு 'விஞ்சல் உறவு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.