புதுப்பிப்பு: கடைவீட்டு டியூப் லைட், ஒரு திருத்தம்

சின்னக் கடையில் 4 அடி, 36 வாட் டியூப் லைட் மாட்டுவது பற்றிய முந்தைய பதிவில் ‘வேலைக்கு முன் சுவிட்சை அணைத்தால் போதும்’ என்று எழுதியது தவறு. பினாங்கின் பழைய கடைவீடுகளில் சுவிட்ச், சிவப்பு லைவுக்குப் பதில் கறுப்பு நியூட்ரலில் போடப்பட்டிருக்கலாம். விளக்கு அணைந்தாலும் பட்டிக்குள் (டியூபைத் தாங்கும் சட்டத்துக்குள்) 230 வோல்ட் அப்படியே நிற்கும். ஆகவே எம்சிபியை (மெயின் பெட்டியில் அந்த லைனின் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்குங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் பிளக்கில் சோதித்துவிட்டு, பிறகு இரண்டு வயரிலும் வைத்துப் பாருங்கள். செத்த டெஸ்டர் எல்லா வயரையும் ‘பத்திரம்’ என்றுதான் காட்டும்!

இரும்புப் பட்டிக்கு எர்த் கட்டாயம். சோக் (டியூபுக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிச்சுருள் பெட்டி) சூடாகும், பிளைவுட் சீலிங்கில் ஒட்டவிடாதீர்கள்.

எல்இடி டியூபுக்கு மாறுவோர், சோக் பட்டி என்றால் பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, டியூபோடு வரும் டம்மி ஸ்டார்ட்டரையே போடவேண்டும். சோக்குக்குப் பதில் எலெக்ட்ரானிக் பேலஸ்ட் உள்ள பட்டிக்கு அந்த வகை டியூப் ஒத்துவராது. புது வயர் இழுப்பதென்றால் சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையத்தில்) பதிந்த வயர்மேனிடம் விடுங்கள்.