மரமில் முதலாளிகளோடு பழகியவர்கள் எழுதுங்கள்

வீடு கட்டி முடித்தவர்:

வீட்டு வேலை நடந்த காலத்தில் மரம் எடுக்கப் போய்ப் போய் ஒரு மரமில் முதலாளியோடு நல்ல பழக்கமாகிவிட்டது. முதல் நாள் "தேக்கு வேணும்" என்றேன். "எதுக்கு?" என்றார். எல்லாத்துக்கும் என்றேன். "வெயில் மழை படுற இடத்துக்குத் தேக்கு எடுங்க. அலமாரிக்குள்ள எவன் வந்து பார்க்கப் போறான்?" என்று என் பட்டியலில் பாதியை அவரே அடித்துவிட்டார். தன் வியாபாரத்தை ஒருவர் தானே குறைத்துக்கொள்வாரா என்று எனக்குச் சந்தேகம். அந்தச் சமயம் அவரிடம் நல்ல தேக்குத் தடி குறைவாக இருந்ததும் ஒரு காரணம் என்று அப்புறம் தெரிந்தது. அதையும் அவரேதான் சிரித்துக்கொண்டு சொன்னார். இப்படிப்பட்டவர்களோடு பழகியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

தச்சு வேலை செய்பவர்:

அவர்கள் தொழிலில் பாதி சூதாட்டம் என்றுதான் சொல்வேன். தடி வாங்கும்போது கண்ணுக்குத் தெரிவது பட்டையும் இரண்டு முனையும் மட்டும். உள்ளே பொந்து இருக்கலாம், கணு மறைந்திருக்கலாம், கரையான் புகுந்திருக்கலாம். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

நான் மரம் எடுக்கிற மில்லில் பெரியவர் கோடரியின் பின்பக்கத்தால் தடியைத் தட்டிக்கொண்டே நடப்பார். கணீரென்று சத்தம் வந்தால் சரி, மொத்தையாக வந்தால் ஒதுக்கிவிடுவார். பட்டையில் ஓடும் வரி சாய்ந்து சாய்ந்து சுற்றியிருந்தால் அது முறுக்கு மரம். அதில் எடுத்த பலகை காயும்போது திருகிக்கொள்ளும். முனையில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெடித்திருந்தால், அந்த வெடிப்பு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவார். இவ்வளவும் பார்த்து வாங்கிய ஒரு பெருந்தடி ஒருநாள் வாளில் ஏறியது. முதல் அறுப்பிலேயே உள்ளே வெறும் மண். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பெரியவர் முகம் மாறவே இல்லை. "விறகுக்குப் போடு, அடுத்ததை ஏத்து" என்றார். ஆனால் அன்று மதியம் வரைக்கும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மில்லில் கணக்கு எழுதியவர்:

தச்சர் சொன்னது சரி. அளவு எடுப்பதிலும் ஒரு கதை இருக்கிறது. உருண்டைத் தடியைச் சுற்றளவில் அளந்து, நாலில் ஒரு பங்கு எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவோம். 60 அங்குலச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள தடி இந்தக் கணக்கில் 15.6 கன அடி. பள்ளிக்கூடக் கணக்கில் உருளையாகப் போட்டால் 19.9 வரும். சுமார் 21 சதவீதம் காணாமல் போகிறது! எட்வர்ட் ஹோப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-ல் அட்டவணை போட்டு அச்சடித்த முறை இது. உருண்டையைச் சதுரமாக்கும்போது கழியும் புறக்கட்டைக்கு வாங்குகிறவன் பணம் தர வேண்டாம் என்பதுதான் இதன் நியாயம்.

புதிதாக வந்து தடி விற்கிறவர்கள் சிலர் இதற்காகச் சண்டைக்கே வருவார்கள். எங்கள் முதலாளி அசரமாட்டார். "கழிவைக் கழிச்சுத்தான் கணக்கு. வேணும்னா பலகையா அறுத்து அளந்து வித்துக்கோ, அறுப்புக்கூலி மட்டும் கொடு" என்பார். அப்படி அறுத்துப் பார்த்தவர்கள் பலருக்கு அந்தப் 15.6 கூடத் தேறவில்லை. வாள் தின்பதும் இருக்கிறதே. வட்டவாள் ஒரு அறுப்புக்கு 6 மில்லிமீட்டர் தூளாக்கும் என்றால், நாடா மாதிரி மெல்லிசாகச் சுற்றி ஓடும் பட்டைவாள் அதில் பாதிதான். ஒரு தடியில் பத்து அறுப்பு விழுந்தால் 30 மில்லிமீட்டர் மிச்சம், அதாவது ஒரு அங்குலப் பலகை முழுசாகக் கிடைக்கும். எங்கள் முதலாளி கடன் வாங்கிப் பட்டைவாளுக்கு மாறியது இந்த ஒரு கணக்கை நம்பித்தான்.

கதவில் ஏமாந்தவர்:

எல்லாரும் பெரியவர், முதலாளி என்று புகழ்ந்துகொண்டே போகிறீர்கள். எனக்கு வாய்த்த ஆள் வேறு மாதிரி. "ரெண்டு வருஷம் காஞ்ச மரம்" என்று சத்தியம் செய்து கொடுத்தார். கதவு மாட்டிய முதல் கோடையிலேயே சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பட்டையை ஒட்டிய வெள்ளைப்பகுதிக்குச் சாயம் அடித்து, நடுவிலுள்ள கெட்டியான வைரப்பகுதி மாதிரி காட்டியிருந்ததும் அப்புறம்தான் தெரிந்தது. கேட்கப் போனால், "மரம்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். ஊரில் நாலு பேருக்குச் சொன்னேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மில்காரர் மகள்:

உங்கள் கோபம் நியாயம்தான். வெள்ளைப்பகுதிக்குச் சாயம் அடிப்பது சுத்தத் திருட்டு, அதற்குச் சமாதானமே கிடையாது. ஈரமரம் விற்பதன் பின்னால் மட்டும் வேறொரு விஷயம் இருக்கிறது. எங்கள் அப்பாவைப் பார்த்து வளர்ந்ததால் சொல்கிறேன்.

பச்சை மரத்தில் ஈரம் 30 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை மரம் பெரும்பாலும் சுருங்காது. எடை குறையும், மேலே தொட்டால் காய்ந்தது மாதிரியே இருக்கும். சுருக்கம் அதற்குக் கீழேதான் ஆரம்பிக்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை, மரத்தின் வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பலகை வளைவதும் கோணுவதும் இதனால்தான். வெறும் காற்றில் காயவைத்தால் ஒரு அங்குலப் பலகைக்கு ஒரு வருஷம் என்பது பழைய மில்காரர்களின் கணக்கு. மரத்துக்கு மரம் இது மாறும்.

அந்த ஒரு வருஷமும் முதலாளியின் பணம் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கிறது, புரிகிறதா? தடிக்காரருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, அறுப்பு ஆட்களுக்கு வாரக்கூலி கொடுத்தாகிவிட்டது, வட்டி ஓடுகிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் காற்றுப் போக ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டம் வைத்து, முனை வெடிக்காமல் இருக்க பெயின்ட் அடித்து, மழைச்சாரல் படாமல் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு கட்டட மேஸ்திரி வந்து "அடுத்த வாரம் கிரகப்பிரவேசம், இருக்கறதைக் கொடுங்க" என்பார். அப்பா பலமுறை முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். கையில் காசு இல்லாத மாதங்களில் கொடுத்தும் இருக்கிறார். "ஈரமாத்தான் இருக்கு" என்று சொல்லித்தான் கொடுப்பார். மேஸ்திரி அதை வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

கடன் பாக்கிதான் எங்கள் வீட்டுப் பெரிய பேச்சு. வீடு முடிந்ததும் தருகிறேன் என்பார்கள். முடிந்த வீட்டுக்காரர் மரக்கடைப் பக்கம் ஏன் வரப்போகிறார்?

அப்பாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்காது. 85 டெசிபலுக்கு மேல் தினம் எட்டு மணி நேரம் இருந்தால் காது பாதிக்கும் என்கிறார்கள். ஓடுகிற வாள் அதைச் சாதாரணமாகத் தாண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே சொல்லிவிட்டது, முக்கியமாக மூக்குக்குள் வரும் புற்று. அப்பாவிடம் சொன்னால், "நாங்க இதைத் தின்னுதான் வளர்ந்தோம்" என்பார். நான் வாங்கி வைத்த முகமூடிகள் மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கின்றன. ஆட்களுக்கு மட்டும் கட்டாயம் போடச் சொல்வார்.

வாள் தீட்டுபவர்:

பல மில்களுக்குப் பட்டைவாள் தீட்டிக் கொடுக்கிறேன். முதலாளி எப்படிப்பட்டவர் என்று அவர் வாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். கஞ்சன் மழுங்கிய வாளை இழுத்துக்கொண்டே இருப்பார், பலகை அலை அலையாக வரும், அப்புறம் வாள் அறுந்ததற்கு என்னைத் திட்டுவார். வாளுக்கு எமன் ஆணி. வேலியோரம் நின்ற மரம் என்றால் கம்பியும் ஆணியும் உள்ளே புதைந்து, மேலே பட்டை மூடியிருக்கும். நல்ல மில்காரர் அந்த மாதிரித் தடியை அறுப்புக்கூலிக்குக் கூட எடுக்கமாட்டார். ஐரோப்பாவில் உலகப்போர் நடந்த காடுகளில் வெட்டும் மரத்தில் இன்றைக்கும் குண்டுச் சிதறல் வருகிறது, உலோகம் காட்டும் கருவி வைத்துப் பார்த்துத்தான் அறுக்கிறார்கள்.

தூள் பற்றி ஒன்று. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-ல் ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு மரமில்கள் வெடித்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் செத்தார்கள். காற்றில் பறந்த காய்ந்த மரத்தூள் தீப்பிடித்ததுதான் காரணம். இதைச் சொன்ன பிறகு எனக்குத் தெரிந்த ஒரே ஒரு முதலாளி தினமும் உத்திரத்தைக் கூட்டச் சொல்கிறார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

வீடு கட்டி முடித்தவர்:

மகளே, மில்லை இப்போது யார் பார்க்கிறார்கள்?

மில்காரர் மகள்:

நானும் தம்பியும். நிலைக்கும் கதவுக்கும் இப்போது இரும்பு, யூபிவிசி என்ற பிளாஸ்டிக், பிளைவுட் என்று போய்விட்டார்கள், அதனால் பெரிய தடி வாங்குவது குறைந்துவிட்டது. சரக்கு ஏற்றும் பேலட் கட்டைதான் அதிகம். ஏற்றுமதிக்குப் போகிற பேலட் என்றால், உள்ளே இருக்கும் பூச்சி சாக மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் இருக்க வேண்டும், அதற்கு முத்திரை உண்டு, அதை வெளியே கொடுத்துச் செய்கிறோம். கணு இருந்தாலும் ஓடும், மரமும் மலிவு, பாக்கி மாதக் கடைசியில் வந்துவிடுகிறது. அப்பாவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை, "இதெல்லாம் ஒரு மரமா" என்கிறார். வரவுப் புத்தகத்தைக் காட்டினால் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.