மறு: ‘திறந்தநிலை நீட்சி ஆய்வு’ – எனக்கு உடன்பாடில்லை

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஓப்பன் லேபிள் எக்ஸ்டென்ஷன்’ (மருந்துச் சோதனை முடிந்தபின்னும் அதே மருந்தைத் தொடர்ந்து கொடுத்துக் கவனிக்கும் ஆய்வு) என்பதற்குத் தமிழாக்கமாக நம் குழுவில் ஐயா முன்வைத்த ‘திறந்தநிலை நீட்சி ஆய்வு’ என்ற சொல்லை, ஒப்புதல் படிவத்தில் வருவது என்று சொல்லி, நேற்று தக்கலையில் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு (தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் மரபுநோய்), வயது எட்டு. தரையிலிருந்து எழும்போது கைகளை முழங்காலில் ஊன்றி, தன் தொடைமேலேயே ஏறுவதுபோல்தான் நிமிர்வான். பாயில் கிடத்தி அவன் பாதத்தை மேல்நோக்கி வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா, “நீட்சி தினமும்தானே செய்கிறோம், அதற்கு எதற்குக் கையெழுத்து?” என்றாள்.

தசைநோய்ப் பிள்ளை இருக்கும் வீட்டில் நீட்சி என்றால் இயன்முறைப் பயிற்சிதான். வேறு நோய்க்கு இச்சொல் பொருந்தலாம், இங்கே குழப்பும். ‘தொடராய்வு’ போதும். மருந்தை நிறுத்தியபின் கவனிப்பதும் தொடராய்வுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். அதைப் ‘பின்கண்காணிப்பு’ எனலாம். இங்கே மருந்தும் தொடர்கிறது. இந்நோய்க்கான வமொரலோன் என்னும் ஸ்டீராய்டு வகை மருந்தை 4 முதல் 7 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2 வாரத்தில் தொடங்கி, 24 வாரம், பிறகு 24 மாதம் என்று வளர்ந்தது. ஸ்டீராய்டு வகை மருந்து உயரத்தைக் குறுக்குவதும் முதுகெலும்பை நொறுக்குவதும் 2 வாரத்தில் தெரியாது.

‘திறந்தநிலை’ என்றதும் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வருகிறது. இதில் திறந்திருப்பது எது? கொடுப்பது இன்ன மருந்து என்று மருத்துவருக்கும் பெற்றோருக்கும் தெரியும், அவ்வளவுதான். ஆகவே ‘அறிமருந்துத் தொடராய்வு’. எதிரிணையாக, யாருக்கு எந்த மருந்து என்பதை மறைத்துச் செய்யும் ஆய்வுக்கு ‘குருட்டு ஆய்வு’ என்ற கொடுமையைக் கைவிட்டு ‘மறைமருந்து ஆய்வு’ என்போம். இரண்டுமே வினைத்தொகை. மறை என்றால் வேதமல்லவா என்று யாராவது கிளம்புவார்கள், கிளம்பட்டும்.

ஒன்றை மறந்துவிடுகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி 7 வயது நிரம்பிய பிள்ளையிடமும் வாய்மொழி இசைவு பெற வேண்டும். எனவே அக்கா மகனிடமும் ‘அறிமருந்துத் தொடராய்வு’ என்று சொல்லிப் பார்த்தேன். “அறிந்த மருந்து என்றால் பிறகு ஏன் ஆய்வு, மாமா?” என்றான். மருந்து எது என்பதுதான் தெரியும், பல வருடம் தின்றால் என்ன செய்யும் என்பது தெரியாது என்றேன். “அதைச் சொல்லில் காணோமே” என்றான்.

‘நெடுங்காலத் தீங்கறி’ என்று முன்னால் சேர்த்தால் நீளம் தாங்குமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.