அய்யனார் குதிரைக்கு எதை டேக் பண்ணுவது, எதை விடுவது?

மண்குதிரை:
சிவகங்கைப் பக்கம் ஊர்க்கோயில்களில் நானே எடுத்த 34 படங்கள். எல்லாம் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு வேளார் செய்து தரும் சுடுமண் குதிரைகள். எஸ்டிஎக்ஸ்எல் என்ற படம் வரையும் ஏஐ மாடல் மேல், இந்தக் குதிரையைக் கற்றுக்கொடுக்க லோரா என்ற சின்ன இணைப்பு ட்ரெயின் பண்ணினேன். எல்லாப் படத்துக்கும் கேப்ஷன் (படத்தோடு கொடுக்கும் விவரிப்பு) ஒன்றுதான்: 'புரவிஎக்ஸ்'. அதுதான் ட்ரிகர், குதிரையை வரவழைக்க நான் வைத்த சொல். இப்போது குதிரையைக் கடற்கரையில் நிறுத்தச் சொன்னாலும் பின்னால் ஆலமரம் வந்து நிற்கிறது. வண்ணமும் பாதி உடம்புக்குத்தான் இருக்கிறது. எங்கே தப்பு?

பிக்சல்பாண்டி:
34 படத்திலும் மரம் இருக்கிறது, ஒரு கேப்ஷனில்கூட இல்லை. அப்புறம் மரமும் 'புரவிஎக்ஸ்' கணக்கில்தானே சேரும்? மாற்ற நினைப்பதை டேக் பண்ணுங்கள், அதாவது கேப்ஷனில் சொல்லாக எழுதுங்கள்; மாறக் கூடாததை எழுதாதீர்கள். மரம், வானம், மாலை, கேமரா கோணம் எல்லாம் டேக். பிதுங்கிய கண், கழுத்துமணி, சுடுமண் இதையெல்லாம் தொடவே வேண்டாம். எழுதினால் அந்தக் குணம் அந்தந்தச் சொல்லுக்குப் போய்விடும், ட்ரிகர் வெறும் கூடாக நிற்கும்.

தெற்குத்தெரு:
பாண்டி அண்ணே, இது 2022இல் எஸ்டி 1.5 என்ற பழைய மாடல் காலத்துச் சூத்திரம். ஓப்பன்ஏஐயின் பட மாடல் டாலி 3க்கு ட்ரெயினிங்கில் 95 சதவீதம் மெஷின் எழுதிய கேப்ஷன், 5 சதவீதம்தான் படத்தோடு வந்த பழையது. விவரம் கூடக்கூட மாடல் சொல்பேச்சு கேட்கிறது. முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்.

பிக்சல்பாண்டி:
அது முதலிலிருந்தே ட்ரெயின் பண்ணிய அடிமாடல் தம்பி. அங்கே குவிந்து கிடக்கும் படங்களில் ஒவ்வொரு சொல்லும் ஆயிரம் தடவை வரும். இங்கே இருப்பது 34. முழு வாக்கியம் ஃப்ளக்ஸ் மாடலுக்குச் சரி, அதில் நீள வாக்கியத்தைப் படிக்கும் டி5 இருக்கிறது. எஸ்டிஎக்ஸ்எல்லில் எழுத்தைப் படிப்பது க்ளிப், அதற்கு 77 டோக்கன்தான் (சொல்துண்டு) அளவு.

கரிச்சான்:
சண்டைக்கு நடுவே ஒரு வார்த்தை: படத்தைப் பார்த்துத் தானாக டேக் எழுதும் டேகரை நம்பிப் போகாதீர்கள். டபிள்யூடி14 என்ற டேகர் அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) படங்களில் பழகியது. என் அய்யனார் படத்துக்கு அது கொடுத்த முதல் டேக் 'மனிதர் இல்லை'. பூசாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

தெற்குத்தெரு:
சரி, வண்ணத்துக்கு வருவோம். மண்குதிரை, எத்தனை புதுசு, எத்தனை பழசு?

மண்குதிரை:
21 புதுப் பூச்சு. 13 வெயிலில் வெளுத்து மண் தெரிகிறது.

தெற்குத்தெரு:
அதுதான் பாதிச் சாயத்துக்குக் காரணம். இரண்டையும் பெயர் சொல்லிப் பிரிக்காவிட்டால் கலந்துதான் வரும். அந்த 13க்கு மண் என்று எழுதாமல் எப்படிப் பிரிப்பது? அண்ணன் சூத்திரம் இங்கேயே உதிர்கிறதே!

பிக்சல்பாண்டி:
'சாயம் போனது' என்று எழுதினால் போதும். அடியில் இருக்கும் மண் 34க்கும் பொது, அதை ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

மண்குதிரை:
ராத்திரி இரண்டு மாதிரியும் ஓட்டினேன், ஒரே சீடு (படம் தொடங்கும் எண்). பாண்டி அண்ணன் டேக்கில் ஆலமரம் போய்விட்டது, கடல் வந்தது. ஆனால் 'சாயம் போனது' போட்டால் நாலில் ஒன்றுதான் உண்மையாகவே வெளுக்கிறது. தெற்குத்தெரு வாக்கியத்தில் பழசும் புதுசும் சுத்தமாகப் பிரிகிறது. ஆனால் ட்ரிகரை மட்டும் போட்டால் உயிருள்ள குதிரை ஒன்று வந்து புல் மேய்கிறது.

பிக்சல்பாண்டி:
வெறும் கூடு என்றேனே!

தெற்குத்தெரு:
ட்ரிகரை மட்டும் யார் போடச் சொன்னது? வாக்கியத்தோடு போடுங்கள். அந்த 13ஐயும் இரண்டு தடவை ரிப்பீட் வைத்து மறுபடி ஓட்டுங்கள், அப்புறம் பேசலாம்.